பாம்பு கொடுத்த புகார்

ஒரு காட்டில் மருந்துக்கடை ஒன்று இருந்தது. காட்டில் ஏது மருந்துக்கடை என்று கேட்காதீர்கள். காய்ச்சல், வயிற்றுவலி, பாம்புக்கடி எல்லாம் இருக்கிற இடத்தில் மருந்துக்கடையும் இருக்கத்தானே வேண்டும்?

கடையை நடத்தியது ஒரு கீரி. சடையாண்டி என்று பெயர். ஆனால் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அது வைத்தியர்தான்.

கீரி பாம்போடு சண்டை போடும் என்பது உங்களுக்குத் தெரியும். சண்டையில் கடிபட்டால் ஓடிப்போய் ஏதோ ஒரு வேரைத் தின்றுவிட்டு மறுபடியும் வந்து நிற்கும் என்று சொல்வார்கள். நம் சடையாண்டியும் அப்படித்தான். அது என்ன செடி, எங்கே முளைக்கிறது என்று யாராவது கேட்டால், "தொழில் ரகசியம்" என்று மீசையை முறுக்கிக்கொள்ளும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களைப் பாம்பு கடித்தால் வேர் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேர், கீரி எல்லாம் காட்டோடு சரி.

சடையாண்டி அந்த வேரைக் காயவைத்து, இடித்து, சலித்து, ஒரு சுரைக்குடுக்கையில் போட்டு வைத்திருந்தது. முட்டையோ கிழங்கோ கொடுத்தால் பொடி கிடைக்கும். பாம்பு கடித்தவர்கள் அழுதுகொண்டே வருவார்கள், பொடியை நக்குவார்கள், எழுந்து பாம்பைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அப்படி ஒரு கைராசி.

பேர் வந்தது. பேரோடு சோம்பலும் வந்தது.

வேர் இருந்ததோ பாறை உச்சியில். ஏறினால் முழங்கால் வலித்தது. இடித்தால் தோள் வலித்தது. ஒருநாள் பாறைக்குக் கீழே இளைப்பாறியபோது சடையாண்டியின் கண்ணில் ஒரு கறையான் புற்று பட்டது. சுரண்டிப் பார்த்தது. செம்பழுப்பு நிறம். மாவு மாதிரி மண். அசல் வேர்ப்பொடியேதான்!

"அடேயப்பா! இடிக்கவும் வேண்டாம், சலிக்கவும் வேண்டாம். யாரோ எனக்காகவே இடித்து வைத்திருக்கிறார்கள்" என்று சந்தோஷப்பட்டது.

முதலில் ஒரு கைப்பிடி பொடியில் ஒரு சிட்டிகை மண். பிறகு பாதிக்குப் பாதி. பிறகு ஒரு கைப்பிடி மண்ணில் ஒரு சிட்டிகை பொடி. கடைசியில் வேரின் பெயரை மட்டும் வாயால் சொல்லிக்கொண்டே மண்ணை அள்ளிக் குடுக்கையில் போட்டது.

ஆரம்பத்தில் மனம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. "மண் என்ன விஷமா? தின்றால் யாருக்கும் வயிறுகூட வலிக்காதே" என்று சடையாண்டி அதற்குச் சமாதானம் சொன்னது. மனமும் உடனே சமாதானமாகிவிட்டது. சிலருடைய மனம் அவ்வளவு நல்ல மனம்.

அந்தப் பருவத்தில் காட்டில் பாம்புக்கடி திடீரென்று அதிகமாயிற்று. ஒரு சருகுமானைப் பாம்பு கடித்தது. அது வைத்தியர் கொடுத்த பொடியைத் தின்றது. "இனிப் பயமில்லை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. காடு முழுக்க அழுதது.

சில நாள் கழித்து முயலம்மாவின் குட்டியைப் பாம்பு கடித்தது. முயலம்மா மகா பயந்த பிராணி. சருகு உதிர்ந்தால்கூடத் தூக்கிவாரிப் போடும். குட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கக் கடைக்கு ஓடி வந்தது.

"வைத்தியரே, என் பிள்ளையைக் காப்பாற்றுங்கள்!"

"இந்தா, இதைக் கொடு. கொஞ்ச நேரத்தில் குதிக்கும் பார்."

குட்டி குதிக்கவில்லை. கண்கூடத் திறக்கவில்லை.

"இன்னும் ஒரு சிட்டிகை கொடு" என்றது சடையாண்டி.

"ஆந்தையாரிடம் ஏதோ தழை இருக்கிறதாம். அதையும் வாங்கி வரட்டுமா?"

"என் மருந்து இருக்கும்போது கண்ட தழையும் எதற்கு? என்மேல் நம்பிக்கை இல்லையா?"

இப்படிக் கேட்டால் பாவம், முயலம்மா என்ன செய்யும்? பேசாமல் குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

இதற்குள் காட்டுப்பன்றி கூட்டத்தைத் திரட்டிவிட்டது. காட்டுப்பன்றிக்கு எதிலும் அவசரம். தொண்டையும் பெரிசு. "சருகுமானைக் கொன்றது பாம்பு! முயல்குட்டியைக் கொல்லப் போவதும் பாம்பு! பிடியுங்கள், அடியுங்கள்!" என்று கத்தியது. எல்லோருமாகப் போய்ப் பாம்பைச் சுற்றி வளைத்து, நீதிபதியிடம் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

நீதிபதி ஒரு பெண் கரடி. இலுப்பை மரத்தடியில் வழக்குக் கேட்கும். எதையும் முகர்ந்து பார்க்காமல் முடிவு சொல்லாது. குற்றவாளியை முகரும், சாட்சியை முகரும், புகார் கொடுத்தவரையும் முகரும். குளிக்காதவர்கள் வழக்குப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

பாம்பின் பெயர் மாசிலாமணி. நல்ல ரோஷக்காரப் பாம்பு. கூட்டத்தின் நடுவில் படத்தை விரித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. முயலம்மாவும் குட்டியோடு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தது. சடையாண்டி மருந்துக் குடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றது.

"மாசிலாமணி, சருகுமானையும் முயல்குட்டியையும் கடித்தது நீதானா?" என்று கேட்டது கரடியம்மா.

"நான்தான் அம்மா. ஒளிக்க மாட்டேன். வாலை மிதித்தார்கள், கடித்தேன். மிதித்தவர்களைச் சும்மா விடுவதற்கு நான் என்ன மண்புழுவா?"

"ஒப்புக்கொண்டுவிட்டது! இன்னும் என்ன விசாரணை? அடித்துக் கொல்லுங்கள்!" என்று குதித்தது காட்டுப்பன்றி.

"பொறுங்கள்" என்றது பாம்பு. "கடித்தது நான். கொன்றது நானில்லை."

கூட்டம் சிரித்தது. கரடி சிரிக்கவில்லை.

"விளக்கமாகச் சொல்" என்றது.

"என் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் கடித்துக்கொண்டுதான் இருக்கிறோம், அம்மா. கடிபட்டவர்கள் வைத்தியரிடம் போவார்கள். எழுந்து வந்து எங்களைத் திட்டுவார்கள். அதுதானே வழக்கம்? போன மழையில் இந்தக் காட்டுப்பன்றியையே நான் கடித்திருக்கிறேன். கத்துகிற கத்தலைப் பாருங்கள். செத்த மாதிரியா இருக்கிறது?"

காட்டுப்பன்றி மெல்லக் கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டது.

"இப்போது மட்டும் ஏன் சாகிறார்கள்? நான் அன்றைக்குத் தின்ற அதே எலியைத்தான் இன்றைக்கும் தின்கிறேன். என் விஷம் கூடவில்லை. அப்படியானால் வைத்தியரின் மருந்துதான் குறைந்திருக்க வேண்டும். அதைச் சோதித்துப் பாருங்கள். இதுதான் என் புகார்."

சடையாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"கேட்டீர்களா அம்மா? கீரிமேல் பாம்பு புகார் கொடுக்கிறது! இது பரம்பரைப் பகை இல்லாமல் வேறென்ன?"

கூட்டம் தலையாட்டியது. கீரிக்கும் பாம்புக்கும் ஆகாது என்பது யாருக்குத்தான் தெரியாது?

"அந்தக் குடுக்கையைக் கொடுங்கள், வைத்தியரே" என்றது கரடி. வாங்கி மூக்கை நுழைத்தது. பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

"புற்றுமண் வாசனை அடிக்கிறதே! தினமும் கறையான் தின்கிறவள் நான். என் சாப்பாட்டு வாசனை எனக்குத் தெரியாதா?"

சடையாண்டியின் கால் ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் வாய் இருக்கிறதே, அது பின்வாங்கவில்லை.

"வேர் எங்கே விளைகிறது, அம்மா? மண்ணில்தானே? வேரில் மண்வாசனை வராமல் மல்லிகை வாசனையா வரும்?"

"அதுவும் சரிதான், அதுவும் சரிதான்" என்றது கூட்டம். கூட்டம் எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம்தான்.

கரடி குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தது. "சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. என் மூக்கை மட்டும் நம்பி ஒருவரைத் தண்டிக்க இந்தக் காட்டுச் சட்டத்தில் இடமில்லை" என்று பெருமூச்சு விட்டது.

"புற்றுமண் என்றதும் ஞாபகம் வருகிறது, அம்மா" என்றது பாம்பு. "பாறைக்குக் கீழே இருக்கிற புற்றுதான் என் வீடு. கொஞ்ச நாளாக யாரோ அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பாதி வீடுதான் மிச்சம். படுத்தால் தலை உள்ளே இருக்கிறது, வால் வழியில் கிடக்கிறது. அதனால்தான் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் மிதிக்கிறார்கள்."

"இதை ஏன் முன்பே வந்து சொல்லவில்லை?"

"யாரிடம் சொல்வது? வாயைத் திறந்தாலே எல்லோரும் ஓடிவிடுகிறார்கள்!"

கூட்டத்தில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போது முயலம்மா எழுந்து நின்றது. அதன் குரல் நடுங்கியது.

"வழக்கை அப்புறம் பேசுங்கள். என் பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போகிறது. யாராவது ஏதாவது செய்யுங்களேன்!"

கரடி சடையாண்டியைப் பார்த்தது.

"வைத்தியரே, பழையதை விடுங்கள். வேறு மருந்து உண்டா? அந்த வேர் பச்சையாகக் கிடைக்குமா? கொண்டுவந்து கொடுங்கள். குட்டி பிழைக்கட்டும்."

சடையாண்டி குட்டியைப் பார்த்தது. பச்சை வேர் கொடுத்தால் குட்டி எழுந்துவிடும், அது தெரியும். குட்டி எழுந்துவிட்டால் பொடி பொய் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அதுவும் தெரியும். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

"பொடியே போதும், அம்மா. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

இதுவரைக்கும் சடையாண்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த இடத்தில் கோபம் வருகிறது. மண்ணை அள்ளியது சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். உயிர் போகிற குட்டியின் முன்னால் நின்றுகொண்டு வாயை மூடிக்கொள்வதற்கு என்ன பெயர் வைப்பது?

கரடிக்கும் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அதன் குரல் தேனாக இனித்தது.

"அப்படியானால் உங்கள் பொடியில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது?"

"என்ன கேள்வி அம்மா இது? என் உயிரையே வைப்பேன்!"

"நல்லது. வையுங்கள்" என்றது கரடி. "மாசிலாமணி, வைத்தியரை லேசாக ஒரு கடி கடி. அவர் தம்முடைய குடுக்கையிலிருந்தே பொடியை எடுத்துத் தின்று எழுந்து நிற்கட்டும். பாம்பின் வாயும் அடங்கும், என் மூக்கும் அடங்கும்."

"அது... எதற்கு வீணாக..." என்று இழுத்தது சடையாண்டி.

"என்ன வைத்தியரே, பயமா?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

வாழ்நாள் முழுக்கப் பாம்புக்குப் பயப்படாதவர் என்று பேர் எடுத்தாயிற்று. இத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்க முடியுமா? எப்போதும்போல் துள்ளி விலகிவிடலாம், பல் படாமல் தப்பிவிடலாம் என்று சடையாண்டி உள்ளுக்குள் திட்டம் போட்டது. ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தது.

"பயமா? எனக்கா? போயும் போயும் இந்தப் புழுவுக்கா?"

புழு என்று சொல்லியிருக்க வேண்டாம். மாசிலாமணி ரோஷக்காரப் பாம்பு என்று முன்பே சொன்னேன். 'லேசாக' என்று கரடி சொன்னதை அது அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. சடையாண்டி துள்ளத்தான் செய்தது. ஆனால் கக்கத்தில் குடுக்கையை வைத்துக்கொண்டு எப்படித் துள்ளுவது? பாம்பின் பல் வாலில் நறுக்கென்று இறங்கியது.

"ஐயையோ! மருந்து! மருந்து!"

அலறிக்கொண்டே சடையாண்டி ஓடியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, காட்டுப்பன்றியின் முதுகில் ஏறிக் குதித்து, பாறையை நோக்கி ஒரே ஓட்டம்.

"வைத்தியரே! மருந்து உங்கள் கக்கத்தில் இருக்கிறது!" என்று பின்னாலிருந்து கத்தியது காட்டுப்பன்றி.

யார் காதில் விழுந்தது? முழங்கால் வலியும் இல்லை, தோள் வலியும் இல்லை. கீரி பாறைமேல் பறந்தது. கரடி முயல்குட்டியை வாரி எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஏறியது. முயலம்மா ஏறியது. கூட்டமும் ஏறியது. பாம்பும் ஊர்ந்து வந்தது.

உச்சியில், இரண்டு பாறைகளுக்கு நடுவில், சின்னச் சின்ன இலையோடு ஒரு செடி. சடையாண்டி பரபரவென்று மண்ணைத் தோண்டி ஒரு வேரைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனது. அதற்குள் கரடியின் கை அந்த வேர்மேல் விழுந்தது.

"இது குட்டிக்கு."

"ஐயோ அம்மா! விஷம் ஏறுகிறது! விடுங்கள்!"

"வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா, வைத்தியரே? கக்கத்தில் குடுக்கை நிறைய மருந்து இருக்கிறதே. அதைத் தின்னுங்கள்."

"அது மருந்தே இல்லை, அம்மா! மண்! வெறும் புற்றுமண்!"

காடே கேட்கும்படி கத்திவிட்டது. கத்திய பிறகுதான், சுற்றிலும் எல்லோரும் நிற்பது அதற்குத் தெரிந்தது.

கரடி வேரை மென்று கூழாக்கிக் குட்டியின் வாயில் வைத்தது. இன்னொரு வேரைப் பிடுங்கிச் சடையாண்டியின் முன்னால் போட்டது. தண்டிக்கிறதற்கும் உயிரோடு ஆள் வேண்டுமே!

முயலம்மா குட்டியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டியின் காது அசைந்தது. பிறகு மூக்கு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்கிறது" என்றது.

முயலம்மா ஓவென்று அழுதது. கூட்டத்தில் பலரும் அழுதார்கள். காட்டுப்பன்றி எல்லோரையும்விடச் சத்தமாக அழுதது.

சடையாண்டியும் வேரைத் தின்று தெளிந்து எழுந்தது. தெளிந்ததும் முதல் வேலையாக வாதாட ஆரம்பித்தது.

"மண் கலந்தது வாஸ்தவம்தான், அம்மா. ஆனால் சுத்தமான மண். விஷத்தையா கலந்தேன்? என் பொடியைத் தின்று யாருக்காவது ஒரு ஏப்பமாவது வந்ததா? நான் யாரையும் கொல்லவில்லையே!"

"சடையாண்டி, கேள்" என்றது கரடி. கவனித்தீர்களா? வைத்தியரே என்று கூப்பிட்டது போய்விட்டது.

"விஷம் கலந்தாயா என்று மட்டும் சட்டம் கேட்காது. மருந்தின் வீரியத்தைக் குறைத்தாயா என்று கேட்கும். குறைந்ததைத் தெரிந்தே விற்றாயா என்று கேட்கும். தெரியாது என்று நீ சொல்ல முடியாது. தெரியாதவனாக இருந்தால் குடுக்கையைத் திறந்திருப்பாய். பாறைக்கு ஓடி வந்திருக்கமாட்டாய். அந்தச் சருகுமான் உன் பொடியை நம்பியதால்தான் வேறு யாரிடமும் போகவில்லை. மண் அதைக் கொல்லவில்லை. மண்ணை மருந்து என்று சொன்னாயே, அதுதான் கொன்றது."



கரடி தீர்ப்புச் சொன்னது. சடையாண்டிக்குக் கல்குகையில் நெடுங்காலச் சிறை. வெளியே வந்த பிறகும் ஆயுள் முழுக்க மருந்து விற்கக் கூடாது. குடுக்கையை எல்லோர் முன்னாலும் உடைக்க வேண்டும். பாறை உச்சிச் செடி இனிமேல் காட்டுக்கே பொது. கடிபட்டவருக்கு வேண்டிய அளவுக்குமேல் யாரும் பிடுங்கக் கூடாது.

"மாசிலாமணி, நீயும் கேட்டுக்கொள். இனி வழியில் வாலை நீட்டிக்கொண்டு படுக்காதே."

"வீடு முழுசாக இருந்தால் ஏன் அம்மா வழியில் படுக்கிறேன்?" என்றது பாம்பு.

நியாயமான கேள்வி. கரடி மிகுந்த வருத்தத்தோடு, "சரி, அந்தப் புற்றைக் கறையான்கள் கட்டி முடிக்கிறவரைக்கும் நான் அங்கே சாப்பிட வரமாட்டேன்" என்றது. நீதிபதிகளும் சில தியாகங்கள் செய்யத்தான் வேண்டியிருக்கிறது.

காவலுக்கு வந்த காட்டெருமைகள் சடையாண்டியை அழைத்துக்கொண்டு புறப்பட்டன. போகிற போக்கில் அது முயலம்மாவின் பக்கம் திரும்பியது.

"முயலம்மா, கடைசியில் உன் பிள்ளை என்னுடைய வேரால்தானே பிழைத்தது? எனக்காக அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சருகு உதிர்ந்தாலே நடுங்குகிற முயலம்மா அப்போது நடுங்கவில்லை. சடையாண்டியை நேருக்கு நேர் பார்த்தது.

"என் பிள்ளை உங்களால் பிழைக்கவில்லை, ஐயா. பாம்பு உங்களைக் கடித்ததால் பிழைத்தது."

சொல்லிவிட்டு மாசிலாமணியின் பக்கம் திரும்பி, ரொம்பவே தள்ளி நின்று, ஒரு கும்பிடு போட்டது.

பிறந்ததிலிருந்து திட்டு மட்டுமே வாங்கிப் பழகிய பாம்பு அது. என்ன சொல்வது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் படத்தைச் சுருக்கித் தலையைக் குனிந்துகொண்டது.

நீதி: மருந்தில் கலக்கும் மண்ணும் நஞ்சுதான்; தெரிந்தே விற்பவன் குற்றவாளிதான்.